வெளிப்புறக் கேமரா: முகம் தெரிய வேண்டும்

திருட்டுச் செய்திகளின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: அப்பகுதியில் உள்ள சிசிடிவி காட்சிகளைக் கைப்பற்றிப் போலீசார் விசாரித்து வருகின்றனர். அந்தக் காட்சியில் என்ன தெரிந்தது என்பதைச் செய்தி சொல்வதில்லை. பல வீடுகளில் தெரிவது தொப்பி போட்ட ஒரு உச்சந்தலையும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டும், மூலையில் தப்பான நேரம் காட்டும் கடிகாரமும்தான். கேமரா ஓடியிருக்கிறது, பதிவும் ஆகியிருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரையும் தேட முடியாது.

ஆகவே கடையில் போய் "நாலு கேமரா செட் என்ன விலை?" என்று கேட்பதிலிருந்து இந்த அத்தியாயம் தொடங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் கேட்டைத் தாண்டிக் குதிக்கும் ஆளின் முகம் படத்தில் அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு என்ன வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் வருவோம். நாம் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணும் தனி வீடு: காம்பவுண்டு சுவர், முன்னால் கேட், போர்டிகோ, பக்கவாட்டில் ஒரு ஆள் நடக்கும் சந்து, பின்னால் கொல்லைப்புறக் கதவு, வெளியிலிருந்தே மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டு.

முதலில் வீட்டைச் சுற்றி நடங்கள்

கையில் ஒரு தாளுடன் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. வெளியாள் உள்ளே வர எத்தனை வழி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேட்டை எழுதுவார்கள். மறந்துபோவது வெளிப்படிக்கட்டையும் பக்கத்துச் சந்தையும்தான். மாடிக் கதவின் தாழ்ப்பாள் பெரும்பாலும் வீட்டிலேயே பலவீனமானது. அந்தப் படிக்கட்டின் அடியில் ஒரு கேமரா இருந்தால், மேலே போகிறவர் எவராக இருந்தாலும் நெருக்கத்தில் கடந்தாக வேண்டும்.

கேமரா வைக்கச் சிறந்த இடங்கள் இப்படிப்பட்ட குறுகலான இடங்களே. அகலமான இடத்தை முழுதாகப் பார்க்கும் கேமரா, என்ன நடந்தது என்று சொல்லும். குறுகலான இடத்தைப் பார்க்கும் கேமரா, யார் என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே கேமராவிடம் இரண்டையும் எதிர்பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகும். தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே "என்ன" அல்லது "யார்" என்று எழுதிவிடுங்கள். "யார்" என்ற சொல் தாளில் ஓரிடத்திலாவது வராவிட்டால் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம்.

கேமரா பொருத்த வருகிறவர், "நாலு மூலைக்கு நாலு போட்டா வீடு ஃபுல்லா கவர் ஆயிடும் சார்" என்பார். கவர் ஆகும். முகம் தெரியாது.

லென்ஸ் கணக்கு

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது மெகாபிக்சல். சின்ன எழுத்தில், சில சமயம் கேமராவின் அடியில் மட்டும், 2.8 மி.மீ., 3.6 மி.மீ., 6 மி.மீ. என்று ஒரு எண் இருக்கும். அதுதான் லென்ஸ். முகம் தெரிவதற்கு முதலில் பார்க்க வேண்டிய எண் இரண்டாவதுதான்.

கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலை ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்திலிருந்து அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது அது. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். யாரோ இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 25.

இதை உங்கள் கேட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.7 மீட்டர். அதாவது காட்சியின் அகலம் 7.7 மீட்டருக்குள் இருக்கும் தூரம் வரைதான் அந்நியர் முகம் தேறும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் 100 பாகைக்குச் சற்று மேலாகப் பார்க்கும். அதன் காட்சி அந்த அகலத்தை எட்டுவது வெறும் மூன்று மீட்டரில், பத்து அடியில். போர்டிகோவிலிருந்து கேட் இருபது அடி தள்ளி இருந்தால் மீட்டருக்கு சுமார் 125 பிக்சல்தான் கிடைக்கும். பால்காரர் வந்தால் பால்காரர் என்று தெரியும். முன்பின் பார்க்காதவன் வந்தால் "ஒரு ஆள்" என்று மட்டும் தெரியும்.

இதற்குக் கடைக்காரர் சொல்லும் மருந்து 8 மெகாபிக்சல், அதாவது 4கே. 3840 பிக்சல் அகலம் என்பதால் அதே 2.8 லென்ஸில் இருபது அடி வரை முகம் தேறும், பகலில். ஆனால் அதே விலைகுறைந்த 2 மெகாபிக்சல் கேமராவை 6 மி.மீ. லென்ஸோடு வாங்கினால் இருபத்தைந்து அடி வரை தேறும். பார்வை குறுகும், கேட் மட்டுமே தெரியும். கேட்டைப் பார்க்கத்தானே வைக்கிறோம்? அகலப் பார்வைக்கு வேறொரு கேமரா இருக்கிறது.

இரவில் 4கே கேமராவுக்கு இன்னொரு சங்கடம். அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு பிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். விலை உயர்ந்தவற்றில் பெரிய சென்சார் போட்டு இதைச் சரிக்கட்டுகிறார்கள். மலிவானவற்றில் இருட்டில் படம் குருணை குருணையாக வரும். வீடுகளுக்கு 4 மெகாபிக்சல் நல்ல நடுவழி என்பது என் கருத்து. தூரத்துக்குத் தகுந்த லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். "6 மி.மீ. ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வண்டி நம்பர் பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெட்லைட் எரிய ஓடும் வண்டியின் எண்ணைச் சாதாரணக் கேமரா இரவில் படிக்காது. அதற்கென்று வேகமான ஷட்டரோடு தனிக் கேமராக்கள் உள்ளன. நிறுத்திய வண்டியின் எண்ணே போதும் என்றால் கவலையில்லை.

உயரமும் வெளிச்சமும்

கை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் முதல் மாடி சன்ஷேடுக்கு அடியில் மாட்டிவிடுகிறார்கள். பதினெட்டு அடியிலிருந்து பார்த்தால் தொப்பியும் வழுக்கையும்தான் தெரியும். "யார்" கேமராவுக்கு எட்டிலிருந்து ஒன்பது அடி சரி. கையை நீட்டித் திருப்பிவிடுவான் என்ற பயம் இருந்தால், அவனுடைய கை கேமராவை நெருங்குவதற்கு முன்பே முகம் பதிவாகிவிடும்படி கோணத்தை அமையுங்கள். இரண்டு கேமராக்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பது அதைவிட நல்லது.

கிழக்கு பார்த்த வாசல் நம் ஊரில் ராசியானது, கேமராவுக்கு அப்படியில்லை. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை வெயில் நேராக லென்ஸில் அடிக்கும். கேட்டில் நிற்பவர் கரிய நிழலாகத் தெரிவார். பேப்பர்காரர், பால்காரர், வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வரும் நேரம் அது. டபிள்யூடிஆர் என்ற வசதி, இருண்ட பகுதியையும் வெளிச்சமான பகுதியையும் ஒரே படத்தில் சமன்படுத்தும். கேமராவில் அது மெய்யாகவே இருக்கிறதா என்று பாருங்கள். "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" என்று எழுதியிருந்தால் அது மென்பொருள் பூச்சு மட்டுமே. முடிந்தால் கேமராவைக் கேட் தூணில் பொருத்தி, வீட்டை நோக்கித் திருப்பிவிடலாம். வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். அப்போது கேட்டுக்கு உள்ளே வந்தவர் வாசற்கதவை நோக்கி நடக்கையில் முதுகுதான் தெரியும் என்பதால், வாசற்கதவுக்கு மேலே இன்னொன்று அவசியம்.

இரவுக்கு இரண்டு வழி. அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா கறுப்பு வெள்ளையில் பார்க்கும். கேமராவைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது 850 நானோமீட்டர் வகை. கண்ணுக்கே தெரியாத 940 வகையும் உண்டு, அதற்கு எட்டும் தூரம் குறைவு. இன்னொரு வழி, வெள்ளை விளக்கோடு கலரில் எடுப்பது. சட்டை சிவப்பா நீலமா என்று தெரிவது விசாரணைக்குப் பெரிய உதவி. ஆனால் வெளிச்சம் போதாவிட்டால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும். அசையாத மரம் அழகாகத் தெரியும். நடக்கும் ஆள் புகைபோல இழுபடுவான். விளம்பரப் படங்களில் எல்லோரும் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். கேட்டுக்கு மேலே ஒரு சாதாரண எல்இடி பல்பு எரிந்தால் எந்தக் கேமராவும் ஒரு படி நன்றாக வேலை செய்யும்.

அகச்சிவப்புக்கு எதிரி பக்கத்திலிருக்கும் வெள்ளைச் சுவர். சன்ஷேடின் அடிப்புறமோ சுவரோ காட்சியின் ஓரத்தில் தெரிந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி, கேமரா "நல்ல வெளிச்சம் இருக்கிறது" என்று ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். சுவர் காட்சியிலேயே வராதபடி திருப்புங்கள். சிலந்தி வலையும் அப்படியே: லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு இழை போதும், ராத்திரி அது கயிறுபோல ஒளிரும், காற்றில் ஆடும் ஒவ்வொரு முறையும் போனுக்கு எச்சரிக்கை வரும். கண்ணாடிக் குமிழ் மூடிய டோம் வகையில் மழைத்துளியும் தூசியும் படிந்து படம் பனிமூட்டமாகிவிடுவதால், வெளியே வைக்க அதைத் தவிர்க்கலாம். குழல்போன்ற புல்லட் வகையோ, குமிழ் இல்லாத டரட் வகையோ வாங்குங்கள். எனக்கு டரட் பிடிக்கும். சிலந்திக்கு அதில் இடம் குறைவு.

மழைக்கு ஐபி66 அல்லது ஐபி67 என்ற குறி இருக்க வேண்டும். 66 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் கேமராவுக்குள் தண்ணீர் போவது அபூர்வம். கேமராவின் வாலில் தொங்கும் இணைப்புகளுக்குள்தான் போகும். அவற்றைச் சுவரில் அப்படியே தொங்கவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஒரு ஐப்பசி தாங்காது. கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து எல்லா இணைப்பும் அதற்குள் போக வேண்டும். கேபிள் பாக்ஸுக்குள் கீழிருந்து நுழைய வேண்டும். கடலோரத்தில், தூத்துக்குடியோ நாகப்பட்டினமோ சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையோ, திருகுகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

கம்பியும் மின்சாரமும்

வைஃபை கேமரா வாங்குவது சுலபம், பொருத்துவதும் சுலபம். வாடகை வீட்டுக்கு அதுவே சரி. ஆனால் "வைஃபை" என்பது படம் போகும் வழி மட்டுமே. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் கம்பி இழுத்தே ஆக வேண்டும். கம்பி இழுப்பதானால் படத்தையும் கம்பியிலேயே அனுப்பலாமே. பிஓஇ என்ற முறையில் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகும். நூறு மீட்டர் வரை இழுக்கலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பைப்பும் ஒரு கேட்6 கேபிளும் விட்டுவிடுங்கள். அப்போது ஆகும் செலவு சொற்பம். பிறகு சுவரை உடைக்க மனசு வராது.

பழைய முறையான டிவிஆரில் 'த்ரீ பிளஸ் ஒன்' கேபிள் வரும்: படத்துக்கு ஒரு கோஆக்ஸியல், மின்சாரத்துக்கு மெல்லிய கம்பிகள். இதில் ஒரு விசித்திரமான கோளாறு அடிக்கடி வரும். கேமரா பகலெல்லாம் நன்றாக ஓடும். இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். கேமராவை மாற்றுவார்கள், பவர் சப்ளையை மாற்றுவார்கள், குறை தீராது. அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மின்சாரம் அதிகம் இழுக்கிறது; நீளமான மெல்லிய கம்பியில் 12 வோல்ட் தேய்ந்து கேமராவுக்குப் போதாமல் போகிறது, அவ்வளவுதான். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் இது இன்னும் மோசம். சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு இல்லை. வெளியே போகும் கேபிள் முழுவதும் பிவிசி பைப்புக்குள் போகட்டும். அணிலுக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

மின்சாரம் நின்றால் கேமரா, பதிவுப் பெட்டி, ரௌட்டர் மூன்றும் ஓட வேண்டும். இன்வர்ட்டர் லைனில் பதிவுப் பெட்டியை மட்டும் கொடுத்து, ரௌட்டரை மறந்துவிடுவது வழக்கம். அப்படியானால் போனுக்கு எதுவும் வராது. கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் ஊர் நம்முடையது. மொட்டைமாடியிலிருந்து வீட்டுக்குள் வரும் செம்புக் கம்பி மின்னலின் வீச்சைப் பதிவுப் பெட்டி வரை கொண்டுவந்து சேர்க்கும். மாடிக் கொடிக்கம்பத்திலோ தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலோ கேமராவைக் கட்டாதீர்கள். சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். அது வேலை செய்ய எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும், எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கக் கூடாது.

ஊருக்கு வெளியே தோட்டம் உள்ளவர்கள் மோட்டார் கேபிள் திருட்டுக்குப் பயந்து சோலார் பேனலும் சிம் கார்டும் உள்ள கேமரா வாங்குகிறார்கள். வேறு வழியில்லாத இடத்துக்கு நல்லதுதான். ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க அவற்றில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் வந்த பிறகுதான் விழிக்கும். முதல் சில நொடிகள் பதிவாகாமல் போகலாம். ஓடிவிடும் திருடன் அந்த நொடிகளில்தான் ஓடுவான். எனவே வரும் வழியை நெடுக்காகப் பார்க்கும்படி வையுங்கள், குறுக்காக வேண்டாம்.

பதிவுப் பெட்டி

"ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிச் சென்றனர்" என்ற செய்தியும் நாம் படிப்பதுதான். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மினுக்க, அழைப்பதுபோல வைத்தால் வேறென்ன நடக்கும்? பரணில், பூட்டிய அலமாரியில், காற்று போகும்படி வையுங்கள். முக்கியமான ஒரு கேமராவில் மெமரி கார்டும் போட்டுவிட்டால் பெட்டி போனாலும் அது மிஞ்சும்.

எத்தனை நாள் பதிவு வேண்டும்? வெளியூர் போய்த் திரும்பிவந்த பிறகே பல திருட்டுகள் தெரியவருகின்றன. பதினைந்து நாளாவது இருக்கட்டும். எச்.265 முறையில் ஒரு 4 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிப் பழையதன் மேல் எழுதத் தொடங்கும். இரண்டு டெராபைட் மூன்று வாரம் தாங்கும். டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்; பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதை இருபத்து நாலு மணி நேரமும் எழுத வைத்தால் சீக்கிரம் படுத்துவிடும், அது படுத்ததே உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பினால் மாதம் இரண்டரை டெராபைட் மேலே ஏற வேண்டும். அசைவு நடந்த துண்டுகளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அசைவு என்று வைத்தால் முருங்கைமரம் ஆடினாலும் போன் அடிக்கும். ஆளை மட்டும் அறியும் வசதியைத் தேர்ந்தெடுத்து, கேட்டுக்கு உள்ளே ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் மட்டும் அடிக்கும்படி வையுங்கள்.

கடிகாரத்தை அவசியம் பாருங்கள். பல பெட்டிகள் தயாரான நாட்டின் நேர மண்டலத்திலேயே வந்து சேர்கின்றன. சீன நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு பதினொன்றரைக்கு நடந்தது பதிவில் அதிகாலை இரண்டு மணி, அதுவும் மறுநாள் தேதி. அமைப்பில் ஐந்தரை மணி என்ற இந்திய மண்டலத்தைத் தேர்ந்து, இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

கடவுச்சொல்

2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை, மிராய் என்ற தீநிரல் புகுந்த, உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும். புகுந்த வழி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாதது. பொருத்த வந்தவர் 'அட்மின்' என்றோ உங்கள் போன் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையோ வைத்துவிட்டுப் போனால், அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மாற்றுங்கள். ஆப்பில் அவருடைய போனும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் பதிவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள்.

பக்கத்து வீடு

தெருவைப் பார்க்க ஒரு கேமரா வைக்கும்படி காவல்துறையே கேட்டுக்கொள்கிறது. சென்னையில் 'மூன்றாவது கண்' திட்டம் அப்படித்தான் பரவியது. ஆனால் பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலும் துணி காயும் மாடியும் தெரு இல்லை. கேமரா அமைப்பில் பிரைவசி மாஸ்க் என்று இருக்கும். அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடலாம். மறைத்ததை அவர்களைக் கூப்பிட்டு ஒருமுறை போனில் காட்டிவிடுவது நல்லது. "அக்கா, உங்க பக்கம் தெரியல, பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பத்து வருஷச் சண்டை மிச்சம். பங்காளிகள் சேர்ந்திருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒருவர் மற்றவர் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன்

பொருத்தியவருக்கு மீதிப் பணத்தை மறுநாள் தருவதாகச் சொல்லுங்கள். அன்று ராத்திரி, வெளிவிளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைத் தொப்பியோடு கேட்டிலிருந்து வாசல் வரை சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். பக்கத்துச் சந்திலும் படிக்கட்டிலும் அப்படியே. நேரலையைப் பார்க்காதீர்கள், பதிவானதைப் போட்டு, நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். அவரை அறியாத ஒருவரிடம் அந்தப் படத்தையும் அவருடைய போட்டோவையும் காட்டி ஒரே ஆளா என்று கேளுங்கள். தயங்கினால் கேமராவை இறக்குங்கள், அல்லது லென்ஸை மாற்றுங்கள். பென் டிரைவில் பதிவை எடுக்கும் முறையையும் அப்போதே செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால் அந்த நாளின் பதிவு அழியாதபடி பெட்டியில் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் உடனே நகல் எடுத்துவிட்டு, புதிய பதிவு மேலே எழுதாதபடி பெட்டியை நிறுத்திவையுங்கள். பெட்டியின் நேரத்தையும் போனின் நேரத்தையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கித் தரம் போய்விடும். அதை ஆட்களைத் தேட மட்டும் வைத்துக்கொண்டு, போலீசுக்கு பென் டிரைவில் அசலாகக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியில் பெட்டிக்குப் பொறுப்பான நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொரு பகுதியில் நிபுணர். கோப்பின் ஹேஷ் எண்ணும் அதில் வரும். பெட்டியின் மாடல், சீரியல் எண், வாங்கிய ரசீது மூன்றையும் முன்பே போட்டோ எடுத்து மின்னஞ்சலில் போட்டுவைத்தால், அந்தப் படிவத்தை நிரப்பும் அன்று பரணில் ஏறித் தேட வேண்டியிருக்காது.